மூட்டைக்கு மேல் மோட்டார் சைக்கிள்

மேட்டூரில் ஆற்றை மறித்து அணை கட்டுகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மேச்சேரிக் காட்டில் ஆட்டை ஓட்டிக்கொண்டிருந்த மாதையன் கோலைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் போனான். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. கல் சுமக்கத்தான் போனான். ஆனால் இயந்திரக் கொட்டகையில் எண்ணெய் துடைக்க ஒருவன் வேண்டியிருந்தது. துடைக்கத் துடைக்க அவனுக்கு இரும்பின் பாஷை புரிந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் எந்த எஞ்சின் எந்த நோவுக்கு எப்படி முனகும் என்று தள்ளி நின்றே சொன்னான். துரைமார்களின் மோட்டார் சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டினான், ஓட்டினான், லைசென்ஸும் வாங்கினான்.

அணை முடிந்தது. ஆயிரக்கணக்கான ஆட்களோடு மாதையனையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவி பெருமாயியை அழைத்துக்கொண்டு வேலை தேடி அலைந்தவன், சங்ககிரிக்குத் தெற்கே கருவேலம்பாளையத்தில் கண்ணுசாமி பண்ணாடி என்ற நிலக்காரரிடம் வந்து சேர்ந்தான். பண்ணாடி கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் வேறு யாரிடமும் அது இல்லை. அதை ஓட்டுவதுதான் மாதையனுக்கு வேலை.

வேலையில் குறையில்லை. குறை பண்ணாடியிடம் இருந்தது. அவர் அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. ஆனால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலை, மாதையன் காலையில் துடைத்து வைத்த எஞ்சினின் மேல்தான் துடைப்பார். பக்கத்திலேயே வேப்பமரம் இருக்கும், சுவர் இருக்கும். அவருக்கு எஞ்சின்தான் வேண்டும். அவர் போனபின் மாதையன் மண்ணெண்ணெய்த் துணியால் மறுபடி துடைப்பான்.

அந்த வருஷம் பங்குனியில் பண்ணாடி சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு மோட்டார் கடையில் பளபளவென்று நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்து அங்கேயே வாங்கிவிட்டார். அவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. பேப்பரெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, "வண்டியை எப்படிக் கொண்டுபோறதுன்னு ரோசனை பண்ணி ஆள் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். பத்து நாளில் கடையிலிருந்து கடிதம் வந்தது. தாங்களே வந்து எடுத்துக்கொள்கிறீர்களா, நாங்கள் அனுப்பி வைக்கவா என்று கேட்டிருந்தார்கள்.

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று.

தினமும் காலையில் எஞ்சின் கொட்டகை வாசலில் கட்டிலைப் போடச் சொல்லி உட்காருவார். மைத்துனர் வருவார், மணியக்காரர் வருவார், கோயில் பூசாரி வருவார். காலைச் சொறிந்துகொண்டே பேச்சு நடக்கும்.

"ரயில்ல போட்டு அனுப்பச் சொல்லீரலாம் மாப்பிள்ளை. சங்ககிரி டேசன்ல எறக்கிக்கலாம்" என்றார் மைத்துனர்.

"ரயில்ல தோல் மூட்டையெல்லாம் ஏத்தறானாமா. ஆட்டுத் தோலுகூடக் கெடந்து என்ற வண்டி வரணுமாக்கும்? அந்த நாத்தம் சென்மத்துக்கும் போகாது" என்றார் பண்ணாடி.

மாதையன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தான். "ஏனுங்க, நான் காலையில ரயிலுக்குப் போனா மத்தியானம் வண்டியை ஓட்டிக்கிட்டு ஊடு வந்து சேந்தர்றனுங்க. மூணு மணி நேரம்கூட ஆகாதுங்க."

பண்ணாடி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் உக்காரறதுக்கு மின்னாடி நீ உக்காந்துக்குவியா?"

"இல்லீங்க, ஓட்டிக்கிட்டு வரோணும்னா..."

"புதுப் பொண்ணைக் கூட்டியாரச் சொன்னா வேலைக்காரன் தாலி கட்டிக் கூட்டியாந்த கதையாட்டப் போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். பூசாரி கட்டில் காலில் கையடித்துச் சிரித்தார். மாதையனுக்குக் காது மடல் எரிந்தது.

கடைக்காரனே ஓட்டி வந்து கொடுக்கட்டும் என்றார் மணியக்காரர். யாரோ எவனோ முதலில் ஏறுவதாவது என்று அதுவும் தள்ளுபடியானது. பண்ணாடியே சேலம் போய், மாதையன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வரலாம் என்ற யோசனையும் வந்தது. தன் வண்டியில் தன் வேலைக்காரன் முதுகைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தால் பெண்டுகள் சிரிப்பார்கள் என்றார் பண்ணாடி.

கடைசியில் சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் முடிவு சொன்னார். "பார வண்டியைப் பூட்டிக்கிட்டு நீயும் சின்னானும் போங்க. மோட்டாரு சைக்கிளை வண்டி மேல ஏத்திக் கட்டிக் கொண்டாங்க. சக்கரம் நம்ம வாசல்லதான் மண்ணுல படணும். எவன் சூத்தும் அதுல படக்கூடாது." எழுந்து போனவர் நின்று திரும்பினார். "வண்டி சும்மாவா வரும்? செவ்வாய்ப்பேட்டையில பத்து மூட்டைப் புண்ணாக்கு சொல்லியிருக்குது. அதையும் ஏத்திக்குங்க."

வண்டியோட்டி சின்னான் நாற்பது வயதுக்காரன். பண்ணாடி வீட்டுக் காளைகள் இரண்டையும் கன்றிலிருந்து வளர்த்தவன். ஒன்று மயிலை, ஒன்று செவலை. புறப்படும்போதே செவலையின் முன்னங்கால் குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பண்ணாடியிடம் போய் நின்றான்.

"செவலை காலைத் தாங்கித் தாங்கி நடக்குதுங்க. ஒரு வாரம் போகட்டுமுங்க."

"முகூர்த்தம் குறிச்சாச்சு. மேளத்துக்குச் சொல்லியாச்சு. மாட்டுக் காலைப் பாத்தா நாள் பாக்கறது?" என்றார் பண்ணாடி.

சேலம் போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. கடையில் மேனேஜர் சட்டையில் பேனா குத்தியிருந்த மனிதர். மாட்டு வண்டியையும் வைக்கோல் பரப்பையும் கயிற்றையும் பார்த்து, விஷயம் புரிந்ததும் உள்ளே இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"வாங்கய்யா, வந்து பாருங்க. மாடு இழுக்கிற மோட்டார் சைக்கிள்!"

கணக்குப்பிள்ளை வந்தார், கிடங்கு ஆட்கள் வந்தார்கள், எதிர்க்கடை ஆசாமியும் வந்தார். மாதையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சிரிப்பு பண்ணாடியைப் பார்த்து அல்ல, தன்னைப் பார்த்துத்தான் என்று அவனுக்குத் தோன்றியது. மேனேஜர் சிரித்து முடித்து, "நீ லைசென்ஸ் வச்சிருக்கியாப்பா?" என்று கேட்டார். மாதையன் எடுத்துக் காட்டினான். அவர் அதைப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. "டாங்க் நிறைய பெட்ரோல் போட்டிருக்கேன். ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துக்க" என்றார்.

மாதையன் உட்காராமல் பக்கத்தில் நின்றபடியே உதைத்தான். இரண்டாவது உதைக்கு வண்டி பேசியது. சீரான, கனமான சத்தம். உடனே நிறுத்திவிட்டான். நிறுத்தாமல் இருந்தால் ஏறிவிடுவோம் என்று அவனுக்குப் பயம்.

புண்ணாக்கு மூட்டைகள் பத்தையும் அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு, ஆறு பேர் சேர்ந்து மோட்டார் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, நாலா பக்கமும் கயிறு போட்டு இறுக்கினார்கள். வண்டி, உற்சவத்துக்குப் புறப்பட்ட சப்பரம் போல் உயர்ந்து நின்றது. புண்ணாக்கின் காறல் நெடி வெயிலில் எழும்பி மூக்கை அடைத்தது. தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

முதல் நாள் இரவு மகுடஞ்சாவடியில் தங்கினார்கள். மறுநாள் விடிந்து மூன்று மைல் போவதற்குள் செவலை நொண்ட ஆரம்பித்தது. சின்னான் இறங்கி நடந்தான். மாதையனும் இறங்கினான். அப்படியும் காளை ஒவ்வொரு அடிக்கும் தலையைத் தூக்கிப் போட்டது. வாயில் நுரை தள்ளியது.

சின்னான் வண்டியை நிறுத்தினான். "மாதையா, நான் ஒண்ணு சொல்றேன், கேப்பியா? மேல இருக்கிறதை எறக்கீரலாம். நீ அதை ஓட்டிக்கிட்டு மின்னாடி போயிரு. ரெண்டு மூட்டைப் பாரம் கொறையும். மேல்பாரம் ஆடறதுதான் மாட்டுக் கழுத்தை அறுக்குது."

மாதையன் காளையைப் பார்த்தான். மேலே வைக்கோலில் சாய்ந்து மின்னிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தான். சின்னான் சொல்வது சரி என்று அவனுக்குத் தெரியும். இயந்திரம் தெரிந்தவனுக்குப் பாரம் எங்கே இருக்கவேண்டும் என்பது தெரியாதா?

"பண்ணாடி என்ன சொன்னாருன்னு நீயும் கேட்டியல்ல?" என்றான்.

"அவரு இங்க இருக்கறாரா?"

"ஊருக்குள்ள எவனாச்சும் பாத்துச் சொல்லுவான். என்ற பொழப்புப் போயிரும் சின்னானண்ணா. மெதுவா ஓட்டு. போயிரலாம்."

சின்னான் தன் தலைத்துண்டை அவிழ்த்துத் தண்ணீரில் நனைத்துச் செவலையின் நெற்றியில் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினான்.

சங்ககிரிக்கு ஐந்து மைல் இருக்கும்போது ஓர் ஓடை வந்தது. பாலத்தைப் பிரித்துப் போட்டு மராமத்து நடந்ததால், வண்டிகளை ஓடைக்குள் இறக்கி மறுகரையில் ஏற்றினார்கள். இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை. மணலையும் கடந்தாயிற்று. மறுகரை ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் செவலையின் கால் மடிந்தது. மேல்பாரம் ஒரு பக்கம் சாய்ந்தது. கயிறு அறுந்து மோட்டார் சைக்கிள் சரிந்து மணலில் விழுந்தது. இரண்டு மூட்டை அதன் பின்னால் உருண்டன. குடைசாய்ந்த வண்டி நுகத்தடியை முறுக்கியது. எலும்பு முறிந்த சத்தம் மாதையனுக்குக் கேட்டது.

சின்னான் பூட்டாங்கயிறுகளைக் கத்தியால் அறுத்தான். மயிலை விலகி ஓடி நின்றது. செவலை எழுந்திருக்கவில்லை. முன்னங்கால் முட்டிக்குக் கீழே தொங்கியது. சின்னான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். அழவில்லை. மாதையனைத் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம் என்று மாதையன் வெகு காலம் நினைத்திருக்கிறான்.

"சங்ககிரியில ராசப்பன்னு ஒரு மாட்டு வைத்தியரு இருக்கறாரு. எலும்பு வெச்சுக் கட்டுவாரு" என்று மட்டும் சின்னான் சொன்னான்.

மாதையன் மோட்டார் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான். டாங்கில் ஒரு கீறல். கால் மிதி கொஞ்சம் வளைந்திருந்தது. கரைமேல் தள்ளிக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்து உதைத்தான்.

அந்த ஐந்து மைலைப் பற்றித்தான் அவன் யாரிடமும் பேசியதில்லை. சாலையில் ஆளில்லை. இரண்டு பக்கமும் புளியமரங்கள் ஓடின. வண்டி அவன் கைக்கு அடங்கி, கேட்டதைக் கொடுத்து, காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. மேட்டூரை விட்டு வந்தபின் அவன் உடம்பில் படாத ஒன்று அன்று பட்டது. ஒரு மைல் தாண்டுவதற்குள் செவலையை மறந்துவிட்டான். வாய்விட்டுச் சிரித்தான். சிரித்த சத்தம் தன் காதிலேயே விழுந்தபோதுதான் நினைவு வந்தது. சீ என்று ஆகிவிட்டது. ஆனாலும் கை முறுக்கியதைத் தளர்த்தவில்லை. வேகமாகப் போவது மாட்டுக்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அது முழுக்க உண்மையில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

ராசப்பன் கிழவர், குள்ளம். மூங்கில் சிம்புகளையும் உளுந்து மாவையும் ஆறு முட்டைகளையும் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு, "என்னிக்காச்சும் ஒருநாள் சாகப்போறவன்தானே" என்று பின்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். முட்டை ஒன்றுகூட உடையவில்லை.

அவர் காலைத் தடவிப் பார்த்து, "தோலைக் கிழிக்கலை. பொழைக்கும்" என்றார். பாலத்து வேலைக்காரர்கள் நான்கு பேர் வந்து பிடித்துக்கொள்ள எலும்பை இழுத்து நேராக்கி, மாவும் முட்டையும் குழைத்துப் பூசி, சிம்பு வைத்துக் கட்டினார். செவலை போட்ட கதறலில் மற்ற வேலைக்காரர்களும் சட்டியைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். "ரெண்டு நாளைக்கு இந்த எடத்தை விட்டு நவுத்தக் கூடாது. உசுரோட இருக்கும். ஆனா இனி பாரம் இழுக்காது" என்றார்.

சின்னான் காளையோடு இருந்துகொண்டான். மாதையன் ராசப்பனைச் சங்ககிரியில் இறக்கிவிட்டு, ஊருக்குச் சேதி சொல்லப் போனான்.

பண்ணாடியின் வாசலில் தோரணம் கட்டியிருந்தது. தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, சக்கரம் வைக்க இரண்டு எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. உறவுக்காரர்கள் பந்தலில் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலோரம் குவிந்த எச்சில் இலைகளில் ஈ மொய்த்தது. மோட்டார் சத்தம் கேட்டதும் மேளக்காரர்கள் அவசரமாக எழுந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மேளச் சத்தத்துக்குள் மாதையன் புழுதியும் மாட்டின் நுரையும் படிந்த சட்டையோடு வந்து இறங்கினான்.

பண்ணாடி பட்டு வேட்டியோடு ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"எவண்டா உன்னை உக்காரச் சொன்னது?"

"பண்ணாடிங்க, ஓடையில வண்டி குடைசாஞ்சு போச்சுங்க. செவலைக்குக் காலு முறிஞ்சு..."

"உக்காரச் சொன்னது எவண்டான்னு கேக்கறேன்!" டாங்கைத் தடவியவர் கீறலைக் கண்டார். விரலை அதன்மேல் ஓட்டினார். "ஐயோ, கீறிப்போட்டானே. கண்ணாடியாட்டம் இருந்துச்சே."

மைத்துனர்தான் கேட்டார். "மாட்டுக்கு என்ன ஆச்சு?"

மாதையன் சொன்னான். வைத்தியர் கட்டியதையும், சின்னான் ஓடையிலேயே இருப்பதையும், நாளை மறுநாள் காளையைக் கொண்டுவர ஒரு வண்டி வேண்டும் என்பதையும் சொன்னான்.

"இழுக்காத மாட்டைக் கொண்டாந்து கும்பிடறதா?" என்றார் பண்ணாடி, கீறலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நல்ல நாளும் அதுவுமா நொண்டி மாடு வாசல் ஏறக் கூடாது. தோலுக்காரன் வந்தா எடுத்துக்குவான். புண்ணாக்கு மூட்டை பத்தும் இருக்குதா? எவனாச்சும் தூக்கியிருப்பான், மொதல்ல அதுக்கு வண்டி அனுப்போணும்." பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார். "அங்கம்மா! மஞ்சத் தண்ணி கொண்டா, சீட்டைக் கழுவோணும்."

மனைவி அங்கம்மாள் குடத்தோடு வந்தாள். மாதையன் உட்கார்ந்திருந்த இடத்தில் மஞ்சள் தண்ணீரைத் தானே ஊற்றி, தன் கையாலேயே தேய்த்துக் கழுவினார் பண்ணாடி. தண்ணீர் எஞ்சின் சூட்டில் பட்டுச் சீறியது.

மாதையனுக்குக் கோபம் வரவில்லை. அவனே அதை எதிர்பார்த்தான், வரவில்லை. வந்தது குமட்டல். எச்சில் இலை நாற்றமும் மஞ்சள் வாடையும் சூடான எண்ணெய் நெடியும் சேர்ந்து தொண்டைக்கு ஏறின. இந்த மனிதனுக்காகவா, இவன் சொல்லுக்குப் பயந்தா, காலையில் மேல்பாரத்தை இறக்காமல் அந்தக் காளையை ஓட்டச் சொன்னோம் என்று நினைத்தான். கழுவிக்கொண்டிருந்த கையைப் பார்க்கவே கூசியது. தன் கையைப் பார்க்கவும் கூசியது.

"நான் வாரனுங்க" என்றான்.

"எங்க போற? இதைத் தொடச்சு நிறுத்து. பூசை முடிஞ்சதும் எனக்குக் கத்துக்குடுக்கோணும்."

"வேற ஆளைப் பாத்துக்குங்க. எஞ்சினுக்கும் பாத்துக்குங்க."

"என்னடா, திமுரா?"

"இல்லீங்க. நெஞ்சுக்கு எதுக்களிக்குதுங்க" என்றான் மாதையன். வேறு எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. பந்தலில் யாரோ சிரித்தார்கள். வாசல் தாண்டி, எருக்குழி ஓரம் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

அன்று மாலையே பெருமாயியோடு சட்டிபானைகளைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டான். போய்ச் சேர்வதற்குள் பண்ணாடி அனுப்பிய வேறு வண்டி வந்து, பத்து மூட்டைகளையும் எண்ணி ஏற்றி, மயிலையையும் பின்னால் கட்டிக்கொண்டு போயிருந்தது. சின்னானுக்கும் வரச் சொல்லிச் சேதி. சின்னான் போகவில்லை. மூன்று நாள் இருந்தார்கள். பாலத்து வேலைக்காரர்கள் கூழ் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ராசப்பனே ஒரு வண்டி கொண்டுவந்து காளையை ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி முத்தாயம்மாள், "இழுக்காத மாட்டுக்குத் தவுடு போட நமக்கென்ன கோட்டையா இருக்குது?" என்று ஒரு மாதம் முணுமுணுத்தாள். பிறகு தவிட்டில் வெல்லம் கலக்க ஆரம்பித்தாள். செவலை விந்தி விந்தி நடந்தது. ஆறு வருஷம் இருந்தது.

சின்னான் குழந்தைகுட்டிக்காரன். பத்து நாள் பொறுத்துத் தலையைக் குனிந்துகொண்டு பண்ணாடியிடமே திரும்பிப் போனான். அதற்காக மாதையன் அவனைக் குறை சொன்னதில்லை. பண்ணாடி மோட்டார் சைக்கிளின்மேல் உட்கார்ந்து, திருச்செங்கோட்டுப் போட்டோக்காரரை வரவழைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார் என்றும், ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை என்றும் அவன் மூலம்தான் தெரிந்தது. கற்றுக்கொடுக்க வரச்சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். மாதையன் போகவில்லை.

சங்ககிரியில் ஒரு பஸ்காரரிடம் அவனுக்கு வேலை கிடைத்தது. முதலில் மெக்கானிக், பிறகு டிரைவர். யுத்தம் வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு வைத்து அதன் வாயுவில் ஓட்டிய காலத்தில், முகமெல்லாம் கரியோடு வீட்டுக்கு வருவான். அப்படி வந்த ஒரு நாள், பெருமாயி முதுகு தேய்த்துவிடும்போது, ஏழு வருஷம் சொல்லாததைச் சொன்னான்.

"அன்னிக்கு வைத்தியரைக் கூட்டியாரப் போனேன் பாரு, அப்ப நான் சிரிச்சேன் பெருமாயி. மாடு அங்க மண்ணுல கெடந்துது. நான் வண்டி ஓட்டற சொகத்துல சிரிச்சேன். அந்த ஆளு சீட்டைக் கழுவுனதைப் பாத்து வாந்தி எடுத்தேன்னு நெனச்சுக்கிட்டிருக்கறே. பாதி என்னையப் பாத்து எடுத்தது."

பெருமாயி தண்ணீர் மொண்டு ஊற்றினாள். "சிரிச்சா என்ன? போன காரியத்தை முடிச்சுக்கிட்டுத்தான வந்தே."

"காலையில எறக்கியிருந்தா அந்தக் காரியமே வந்திருக்காது."

பெருமாயி தேய்ப்பதை நிறுத்தவில்லை. கழுத்துக்குப் பின்னால் கரி நன்றாகப் பிடித்திருந்தது. சீயக்காயை இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, "குனி" என்றாள். அவன் குனிந்தான்.